ஒல்லாந்தான் நாற்காலியும் சுறா எண்ணெயும்

முட்டி வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மீன் எண்ணெய் மாத்திரையை என் மனைவி நேற்று வாங்கி வந்தாள். தேன் நிறத்தில், உள்ளே வெளிச்சம் தெரியும்படி பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒன்றை எடுத்து விரலுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தேன். எதைக் கையில் கொடுத்தாலும் அழுத்திப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. டயர் கடையில் இத்தனை வருஷம் ட்யூபை அழுத்திப் பார்த்த கை, வேறு என்ன செய்யும்? மாத்திரை பொட்டென்று உடைந்து எண்ணெய் விரலெல்லாம் வழிந்தது.

"இன்னாங்க இது, முழுங்கச் சொன்னா ஒடச்சி வெச்சிகினு கீறீங்க? வூடே நாறுது" என்றாள் மனைவி.

நாற்றம் என்று சொல்ல முடியாது. கம்பெனிக்காரர்கள் எப்படியோ அதை வடிகட்டியிருந்தார்கள். ஆனாலும் மூக்கின் கடைசியில் நூல் மாதிரி ஒன்று வந்து தொட்டது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த வாசனை பட்டால் மரப்படகு ஞாபகம் வரும். எனக்கு மட்டும் ஒரு நாற்காலி ஞாபகம் வருகிறது. ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் எண்ணெயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுறாவின் ஈரலைப் போட்டுக் காய்ச்சினால் ஒரு எண்ணெய் வரும். கெட்டியாக, பழுப்பாக இருக்கும். ஒருமுறை துணியில் பட்டால் அந்தத் துணியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனால் மரத்துக்கு அதைவிட நல்லது கிடையாது என்பார்கள். பருவம் தொடங்கும் முன்னால் படகைக் கவிழ்த்துப் போட்டு, பழைய அழுக்கையும் ஒட்டியிருக்கும் சிப்பியையும் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயைத் துணியில் தோய்த்துப் பூசுவார்கள். அடியில் தொடங்கித்தான் மேலே வருவார்கள். தண்ணீர் தொடுகிற இடத்துக்குத்தான் முதல் மரியாதை. எங்கள் வீட்டில் அந்த எண்ணெய் ஒரு டின் நிறைய இருந்தது. பூசுவதற்குப் படகுதான் இல்லை.

படகு போன கதை சின்னது. பழவேற்காடு ஏரி கடலில் போய்ச் சேருகிற முகத்துவாரத்தில், எனக்குப் பத்தொன்பது வயதில், ஒரு காற்று நாளில் எங்கள் படகு புரண்டது. அதில் நானும் நைனாவும்தான் இருந்தோம். நைனா என்றால் அப்பா. ஆந்திரா எல்லை பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு அப்படித்தான் வாயில் வரும். நான் தண்ணீருக்குள் போய்விட்டேன். அவர் என் தலைமுடியைப் பிடித்து மேலே தூக்கி மணல்திட்டுப் பக்கம் தள்ளிவிட்டார். தள்ளிவிட்ட அந்த நேரத்தில்தான் படகு அலையோடு திரும்பி அவர் வலது காலின் மேல் இறங்கியது. கால் போனது, படகும் போனது. எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து முட்டிக்கு மேல் தண்ணீர் ஏறினால் என் மூச்சு நின்றுவிடும். மீனவன் வீட்டில் பிறந்தவன் இதை யாரிடம் சொல்வது? சொல்லவில்லை. முட்டியளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பவர்களோடு சேர்ந்துகொண்டேன். மீதி நேரம் வீட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் வலைகளைத் தைத்தேன்.

நைனா நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பிறகு எழவேயில்லை என்று சொல்லலாம்.

அந்த நாற்காலியை எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் தெரியாதவர்கள் இல்லை. கன்னங்கரேல் என்று ஒரு மரம். இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். சாய்கிற இடம் முழுக்கப் பூக்கொடி செதுக்கி, நடுவில் இரண்டு பறவைகள் முகத்தோடு முகம் பார்த்தபடி இருக்கும். ஒன்றுக்கு அலகு கொஞ்சம் உடைந்திருக்கும். உட்காரும் இடத்தில் இருந்த பிரம்பு எந்தக் காலத்திலோ அறுந்துவிட, நைனா அதில் நைலான் கயிற்றால் வலைக்கண் போட்டுப் பின்னியிருந்தார். நாலு காலும் இரண்டு வளைந்த கட்டைகளின் மேல் நிற்கும். அதனால் நாற்காலி ஆடும். முன்னால் போனால் 'கிறீச்', பின்னால் வந்தால் 'டொக்'. ஊர்க்காரர்கள் அதை 'ஒல்லாந்தான் நாற்காலி' என்றுதான் சொல்வார்கள்.

ஒல்லாந்துக்காரன், அதாவது டச்சுக்காரன், பழவேற்காட்டில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த காலத்தில், கப்பல் தூரத்தில் நிற்குமாம். எங்கள் முன்னோர் ஒருவர் அதிலிருந்து மூட்டைகளைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவாராம். ஒல்லாந்தான் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டபோது கூலி பாக்கி இருந்ததாம். கையில் காசில்லாமல் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை எழுந்து கொடுத்துவிட்டுப் போனானாம். இதற்கு எழுத்தில் ஒன்றும் கிடையாது. நைனா சொன்னார். அவருக்கு அவருடைய நைனா சொன்னாராம். பழவேற்காட்டு ஒல்லாந்தர் கல்லறைக்கு என்னை ஒருமுறை அழைத்துப் போய், எலும்புக்கூடு செதுக்கிய கற்களைக் காட்டி, "இவனுங்கள்ல ஒருத்தன்தான் நம்ம நாற்காலில குந்திகினு இருந்தவன்" என்றார். எவன் என்று கேட்டேன். "அது மட்டும் தெர்ல. எல்லாம் ஒரே மாதிரி படுத்துகினு கீறானுங்க" என்றார்.

ஊரில் இதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்து வாத்தியார் அது வெள்ளைக்காரக் கலெக்டருடையது என்றார். மீன் ஏலம் விடுகிறவர், ஏதோ ஒரு சர்ச்சிலிருந்து எங்கள் முன்னோர் தூக்கிக்கொண்டு வந்தது என்றார். தபால்காரர் ஒவ்வொரு முறை வரும்போதும் நாற்காலியைத் தட்டிப் பார்த்து, "தேக்கு இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்.

படகு போன பிறகு நைனாவுக்கு அந்த நாற்காலி ஒரு கணக்காகிவிட்டது. முன்னால் ஆடும்போது பேசத் தொடங்குவார். "நாற்காலி போனா படவு வரும்டா. படவு வந்தா நம்ம பாடு நம்ம கைக்கு வரும்."

பாடு என்பதை வெளியூர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போட்டுவிட முடியாது. எந்த இடத்தில் எந்த நாள் எந்த வீட்டு வலை என்று கோயில் முன்னால் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஒவ்வொரு வீட்டு ஆளின் பெயரையும் கூப்பிடுவார்கள். "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். ஊரை விட்டுப் போனவனுக்குப் பாடு கிடையாது. அவன் பெயரை எடுத்துவிடுவார்கள். எங்களுக்குப் பாடு இருந்தது, போட்டு இழுக்கப் படகு இல்லை. எங்கள் முறை வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் போய் இழுத்துவிட்டுப் பாதி கொடுப்பார். அந்தப் பாதியை வாங்கும்போதெல்லாம் நைனா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஆக, நாற்காலி விற்றால் படகு. படகு வந்தால் அதில் ஏற வேண்டியவன் நான். வேறு யார்? நைனாவுக்குக் கால் இல்லை. அம்மா மீன் கூடையோடு அக்கரைக்குப் போய் வருபவள். நான் ஒரே பிள்ளை.

அந்த வீட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கழுத்தில் பனியன் இறுக்குவது மாதிரி இருக்கும். முன்னால் போனால் கடல், பின்னால் போனால் ஏரி. அப்போது பாலம் கிடையாது. பழவேற்காடு போகக்கூட ஓடம் ஏற வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான் நின்றது. வீட்டுக்குள் வந்தால் அந்தச் சத்தம். கிறீச். டொக். நான் வலை தைத்துக்கொண்டே இருப்பேன். அவர் வராத படகுக்குப் பலகை வாங்குவார், பாய் தைப்பார், பெயிண்ட் அடிப்பார். "பச்ச வேணுமா, நீலம் வேணுமா?" என்று என்னைக் கேட்பார். "உன் இஷ்டம் நைனா" என்பேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "நீலம்" என்பார். கிறீச். டொக்.

இதற்கு நடுவில் ஆரம்பாக்கத்திலிருந்து செல்வம் ஆள் அனுப்பினான். என்னோடு ஐந்தாவது வரை படித்தவன். நான் அதோடு நிறுத்திவிட்டேன். அவன் நெடுஞ்சாலை ஓரத்தில் டயருக்குப் பஞ்சர் போடும் கடை ஆரம்பித்திருந்தான். "ஒரு ஆளு வேணும். பொங்கலுக்குள்ள வா, இல்லாங்காட்டி வேற ஆள வெச்சிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தான். தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை. ட்யூபில் ஓட்டை பார்க்க ஒரு தொட்டித் தண்ணீர் இருக்கும். அவ்வளவுதான் தண்ணீர்.

இதை நைனாவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்தால் கேட்கமாட்டீர்கள். பொன்னேரியில் இறங்க வேண்டிய பஸ்ஸில் 'நிறுத்துங்க' என்று கத்தக் கூச்சப்பட்டு மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வந்தவன். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால்கூடச் சொல்லமாட்டேன். என் உயிரைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டுக் காலை இழந்தவரிடம் போய், உங்கள் தண்ணீர் எனக்கு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

அப்படி இருக்கும்போதுதான் காதர் பாய் வந்தார். சென்னையில் பழைய மரச்சாமான் வாங்கி விற்பவர். பழவேற்காட்டில் பழைய வீட்டுக் கதவு, தூண் பார்க்க வந்தவரிடம் யாரோ எங்கள் நாற்காலியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கே ஓடம் ஏறி வந்துவிட்டார். நைனாவை எழுப்பிக் கட்டிலில் உட்காரவைத்தோம். பாய் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு அதைப் படுக்கவைத்து, எங்கள் ஊர்ப் பெண்கள் நண்டைத் திருப்பிப் போட்டு ஆணா பெண்ணா என்று பார்ப்பது மாதிரி அடிவயிற்றைப் பார்த்தார். நகத்தால் தட்டினார். மோந்து பார்த்தார். கடைசியில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அரே, இது கருங்காலி. மேல இருக்குற சமாச்சாரம் மெய்யாவே பழசு. ஒரு எடத்துல ஆணி இல்ல, எல்லாம் மர முளை. நம்ம கடற்கரை ஆசாரிங்க அந்தக் கால வெள்ளக்காரனுக்குச் செஞ்சு கொடுத்தது."

"ஒல்லாந்தான்" என்றார் நைனா.

"இருக்கலாம் பெரியவரே. எனக்குத் தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க கீறாங்க. இது மாதிரி நாற்காலிங்கள பத்தி அவங்களுக்குத்தான் அத்துபடி. ஒரு மாசத்துல கூட்டியாறேன். அவங்க ஆமான்னுட்டா…" பாய் வாசலுக்கு வெளியே மணலில் இழுத்துப் போட்டிருந்த அடுத்த வீட்டுப் படகைக் கண்ணால் காட்டினார். "அந்த மாதிரி ரெண்டு வாங்கலாம்."

நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார். கால் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பாயை வழியனுப்ப நானும் ஓடத்தில் ஏறினேன். ஓடத்தில் எப்போதும் நான் நடுவில்தான் உட்காருவேன், இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு. பாய் அதைப் பார்த்தார். ஆனால் பேசியது வேறு. "தம்பி, பெரியவர்கிட்ட சொன்னா மறந்துடுவாரு, உங்கிட்ட சொல்றேன். அதும் மேல ஒரு கருப்பு ஏடு படிஞ்சிருக்கு பாரு, அத்தனி வருஷத்துக் கை பட்டது. அந்த அழுக்குதான் வெல. ஈரத்துணிகூட வெக்காத. சொரண்டாத. எண்ண கிண்ண தடவிடாத. உங்க ஆளுங்க மரத்தப் பாத்தாலே எண்ண டின்ன எடுத்துடுவீங்க. நாஸ்தியாயிடும். புரிதா?"

"புரிது பாய்" என்றேன்.

நான் வீட்டில் போய் அதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை.

அந்த மாதத்தில் ஒரு நாள், அம்மா நைனாவைக் காலுக்குக் கட்டு மாற்றப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் அவரை ஓடம் வரை தூக்கிப் போனார்கள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார்கள். அந்த வீட்டில் நானும் நாற்காலியும் மட்டும் தனியாக இருந்தது அதுவே முதல் தடவை. ஆள் இல்லாமல் அது சும்மா நின்றது. சத்தம் இல்லாதது எனக்குக் காதில் வலித்தது.

உடைந்த சோடா பாட்டில் துண்டை எடுத்துக்கொண்டேன். இடது கைப்பிடியில் ஆரம்பித்தேன். சுரண்டச் சுரண்ட மைபோல ஒரு தூள் உதிர்ந்தது. உள்ளேயும் மரம் கறுப்பாகத்தான் இருந்தது. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை, மரம் மரமாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வலது கைப்பிடி, பூக்கொடி, பிறகு பறவைகள். நன்றாக இருந்த பறவைக்கும் அலகு மழுங்கியது. பிறகு டின்னைத் திறந்து துணியைத் தோய்த்துப் பூசினேன். வெயிலில் எண்ணெய் வாசனை தெருவுக்குப் போய்விட்டது போலும். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னாடா, படவு வாங்கிட்டீங்களா? சொல்லவே இல்ல!" என்று கத்தினாள்.

"ஆமாக்கா" என்றேன். உடனே, "இல்லக்கா" என்றேன்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுடா!"

நான் சொல்லவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்ல வந்திருந்தால் எனக்கு அந்தப் பாட்டில் துண்டு தேவைப்பட்டிருக்காது.

சாயங்காலம் வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா, கல்யாணப் பொண்ணாட்டம் பளபளான்னு கீது. பெரிய மனுசங்க வராங்கன்னு புள்ள எப்டி வேல செஞ்சிருக்குது!" நைனா போய் உட்கார்ந்தார். எழுந்தபோது அவர் சட்டை சாய்மானத்தில் ஒட்டிக்கொண்டு சர்ரென்று உரிந்தது.

சொன்னபடியே பாய் அந்த அம்மாளை அழைத்து வந்தார். நரைத்த முடி, பருத்திப் புடவை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய கண்ணாடி. வாசல்படி ஏறும்போதே மூக்கைச் சுருக்கினார். பாய் என்னைப் பார்த்தார். நான் வலையைப் பார்த்தேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மண்டிபோட்டுப் பார்த்தார். கைப்பிடியை விரலால் தொட்டுவிட்டு, விரலைப் பார்த்துவிட்டு, மெதுவாக, "யார் இதைத் துடைத்தது?" என்றார்.

"எம் புள்ளதாங்கம்மா" என்றாள் அம்மா. "படவு மாதிரி பாத்துகினான்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். "உங்கள் மேல் தப்பில்லை தம்பி. நீங்கள் மரத்தை எப்படிப் பார்த்துக்கொள்வீர்களோ அப்படித்தான் பார்த்துக்கொண்டீர்கள்" என்றார். யாராவது என்னை ஓங்கி அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு நாற்காலி எது, என்ன என்று நைனாவுக்குப் பொறுமையாகச் சொன்னார். மேல்பாகம் ஒல்லாந்தர் காலத்து வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஆடும் நாற்காலி கிடையாது. இது நாலு காலில் நின்ற சாதாரண நாற்காலி. யாரோ பிற்பாடு கால்களை அறுத்து அடியில் இந்த வளைந்த கட்டைகளை வைத்திருக்கிறார்கள். கட்டைகளில் வரிசையாக ஆணி ஓட்டைகள் இருக்கின்றன பாருங்கள், இவை ஏதோ படகின் விலாக்கட்டைகள்.

"ஏதோ படவு இல்லம்மா" என்றார் நைனா. "எங்க நைனாவோடது. வயசாயி கடலுக்குப் போக முடியாம பூட்டாரு. படவ ஒடச்சி விறகா விக்கறப்போ இந்த ரெண்ட மட்டும் எடுத்து இதுக்குக் கீழ வெச்சாரு. ஆடலன்னா தூக்கம் வர்ல அவருக்கு."

இத்தனை வருஷம் எனக்கு அவர் இதைச் சொன்னதேயில்லை. கடலில் ஆடிப் பழகிய ஒல்லாந்தான்தான் அப்படிச் செய்துகொண்டான் என்றுதான் சொல்லியிருந்தார்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அந்தக் கட்டைகளைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து பாயிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனார். பாய் நைனாவின் காதில் ஒரு விலை சொன்னார். மேல் தோல் போய்விட்டது, இனி வெறும் மரத்துக்கும் செதுக்கலுக்கும்தான் விலை. படகு இல்லை, படகின் துடுப்பு வாங்கத்தான் அது காணும். நைனா தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

அவர்களை வழியனுப்ப நானும் ஓடத்தில் ஏறினேன். அக்கரையில் இறங்கும்போது பாய், "தம்பி, நான் சொன்னேன்ல?" என்றார்.

"சொன்னீங்க பாய்."

பலகையைப் பிடித்திருந்த என் கைகளை ரொம்ப நேரம் பார்த்தார். "சரி. போ" என்றார்.

நான் விடுதலையாகிவிட்டேன் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். நைனா மறுநாளே நாற்காலியில் உட்கார்ந்து, "இந்தப் பார்ட்டி இல்லன்னா வேற பார்ட்டி" என்றார். கிறீச். டொக். படகு இன்னும் நீல நிறத்தில்தான் இருந்தது. விற்றிருந்தால் ஒரு முடிவாவது வந்திருக்கும். இப்போது விற்கவும் முடியாது, அவர் விற்காமல் இருக்கவும் மாட்டார். நானே போட்ட முடிச்சு. கட்டியவனுக்கே அவிழ்க்கத் தெரியவில்லை. இறாலுக்குப் பறி என்கிற கூடைப் பொறி வைக்கும்போது பார்த்திருக்கிறேன், உள்ளே வருகிற வாய் அகலமாக இருக்கும், திரும்பிப் போகிற இறாலுக்கு அந்த வாயே தெரியாது.

பொங்கலுக்கு நாலைந்து நாள் இருக்கும். மத்தியானம். அம்மா மீன் விற்கப் போயிருந்தாள். நான் வலை தைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். நைனா குனிந்து அடிக்கட்டையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், இங்க வா. படவுக்கு எண்ண போடறவன் எங்கருந்து ஆரம்பிப்பான்?"

"அடியிலருந்து நைனா."

"இது படவுக் கட்ட. நீ பொறந்ததுலருந்து பாக்கற, ஓட்டையெல்லாம் கீது, உனக்குத் தெரியாதா? இத்துக்கு ஒரு சொட்டு போடல நீ. காஞ்சி கெடக்குது பாரு. மேல கீற பூவுக்கும் குருவிக்கும் டின்னு எண்ணயும் ஊத்திகிற." அவர் குரல் உயரவில்லை. "எண்ண போடணும்னு போட்டவன் இப்டிப் போடமாட்டான்."

நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஊசியில் கயிறு இருந்தது ஞாபகம் இருக்கிறது. பச்சைக் கயிறு.

"தண்ணின்னா பயமா?"

தலையை ஆட்டினேன்.

"அன்னிலருந்தா?"

அதற்கும் ஆட்டினேன்.

அவர் வெளியே ஏரியைப் பார்த்தார். "சொல்லியிருந்தீன்னா வுட்டிருப்பேனான்னு கேக்காத. எனக்கே தெர்ல" என்றார். பிறகு, "எங்க போணும் உனக்கு?"

"ஆரம்பாக்கம். செல்வம் கடைக்கு."

"அவ்ளோதானா?" என்றார் நைனா. "நான் துபாயி கிபாயின்னு நெனச்சேன்டா. இத்துக்கா ஒரு நாற்காலிய கொன்ன?"

சிரித்தாரா, இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

மறுநாள் ஓடம் ஏறினேன். ஆரம்பாக்கம் வந்து டயரோடு உட்கார்ந்துவிட்டேன். கல்யாணம், பிள்ளை, சொந்தக் கடை எல்லாம் இங்கேதான். அந்த வருஷம் பாடு முறைக்குச் சீட்டுப் போட்ட அன்று, நைனா தன்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்க் கோயில் முன்னால் வைக்கச் சொல்லியிருக்கிறார். மணலில் அது ஆடவில்லையாம், சாய்ந்து நின்றதாம். என் பெயரைக் கூப்பிட்டபோது, "வருவான்" என்று குரல் கொடுத்தாராம். ஊர் முறைப்படி அது செல்லாது. இருப்பவன்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் யாரும் என் பெயரை எடுக்கவில்லை. அடுத்த வருஷமும் "வருவான்". அதற்கடுத்த வருஷமும். அம்மா ஒவ்வொரு முறையும் வந்து சொல்லும்போது, சாலையில் லாரி போகிற சத்தத்தில் காது கேட்காதது மாதிரி இருப்பேன். நெடுஞ்சாலை ஓரத்தில், நாலு பக்கமும் தரை இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த ஒரு வார்த்தைக்குள் நான் மாட்டிக்கொண்டிருந்தேன். போகவும் இல்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. அவர் இறந்த வருஷமும் என் பெயரைக் கூப்பிட்டார்களாம். யாரும் பேசவில்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டார்களாம்.

நாற்காலியை அம்மா காதர் பாய்க்கே கொடுத்தாள். அவர் ஆசாரியோடு வந்து அடிக்கட்டைகளைத் தட்டிக் கழற்றி வைத்துவிட்டு மேல்பாகத்தை மட்டும் கொண்டுபோனார். அது யார் வீட்டில், எந்த ஊரில் நிற்கிறதோ. அம்மா என்னோடு இருக்க வந்தபோது அந்த இரண்டு கட்டைகளையும் பழைய புடவையில் சுற்றி பஸ்ஸில் எடுத்து வந்தாள். கண்டக்டர் லக்கேஜ் போட்டதற்கு ஊர் வரை சண்டை. இப்போது அம்மாவும் இல்லை. ஓடம் இல்லை, பாலம் வந்துவிட்டது. குப்பத்தில் எல்லாம் ஃபைபர் படகு. அதற்கு எண்ணெய் வேண்டாம். சுறா ஈரல் காய்ச்சுகிற வீடு ஒன்றுகூட இல்லை என்று போன மாதம் வந்த உறவுக்காரர் சொன்னார். அந்த வாசனை இனி மருந்துக் கடையில்தான்.

நேற்று மனைவி குளிக்கப் போனதும் பரணில் ஏறி ஒரு கட்டையை இறக்கினேன். முட்டி வலி. புடவையைப் பிரித்தேன். ஆணி ஓட்டைகள் அப்படியே இருந்தன. கட்டையைத் திருப்பிப் போட்டு, விரலில் மிச்சமிருந்ததை அடிப்பக்கத்தில் தேய்த்தேன். போதவில்லை. இன்னொரு மாத்திரையை உடைத்தேன். பிறகு இன்னொன்று. மரம் குடித்துக்கொண்டே இருந்தது. பூசிய இடம் எது, பூசாத இடம் எது என்று தெரியவில்லை.